பாங்காக்கில் அம்மாவுடன் ஒரு நாள்: என் திட்டத்தைத் திருத்தித் தர வேண்டுகிறேன்

குடமுருட்டி (சனி, இரவு 9:40)

அனைவருக்கும் வணக்கம். ஜனவரி மாதம் அலுவலக வேலையாகப் பாங்காக் செல்கிறேன். அம்மாவையும் உடன் அழைத்துப் போகிறேன். வேலை ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. புதன் அதிகாலையில் திரும்புகிறோம். திங்களன்று ஊரைச் சுற்றிவிட்டுச் செவ்வாயன்று ஓய்வெடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். அம்மாவுக்கு வயது 67. சமதரையில் எவ்வளவு தூரமும் நடப்பார். படி ஏறினால் முழங்கால் ஒத்துழைக்காது. முட்டைகூடத் தொடாத சைவர். எனக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சீலோம் பகுதியில் தங்குகிறோம்.

நான் வகுத்திருக்கும் திட்டம் இது: காலையில் அரண்மனையும் மரகத புத்தரும், பிறகு வாட் போ, வாட் அருண் கோயில்கள், மதியம் மிதக்கும் சந்தை, மாலையில் சதுசாக் சந்தை, இரவில் சீனர் பகுதியான யாவ்ராட் தெருவில் சாப்பாடு. ஒரே நாளில் இது இயலுமா? இயலாது என்றால் எதை விடலாம்?

சீலோம்வாசி (சனி, இரவு 11:05)

இந்த ஊரில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: உங்கள் திட்டத்தில் பாதி நடக்காது, மீதி நடந்தாலும் உங்கள் அம்மா உங்களை மன்னிக்க மாட்டார். சதுசாக்கின் பெரிய சந்தை வார இறுதியில் கூடுவது. திங்களன்று போனால் பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள். படங்களில் எல்லோரும் காட்டும் டம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், வேறு மாகாணத்தில் இருக்கிறது; அதுவும் காலைச் சந்தை. யாவ்ராட்டில் தெருக்கடைகள் பல திங்களன்று விடுமுறை எடுத்துக்கொள்ளும். ஆகையால் முதல் திருத்தம், திங்களன்று ஓய்வெடுத்துக்கொண்டு செவ்வாயன்று சுற்றுங்கள்.

இரண்டாவது திருத்தம் வரிசையைப் பற்றியது. இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நாளை நிரப்புகிறவர்கள் இங்கே வெயிலில் வாடிப் போகிறார்கள். இந்த ஊருக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. பூச்சந்தை விடியலுக்கு முன்னால் உச்சத்தில் இருக்கும். கோயில்கள் காலை எட்டு மணிக்கு, சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள், அமைதியாக இருக்கும். நண்பகல் யாருக்கும் உரியதல்ல. தெருச் சாப்பாடு ஆறு மணிக்கு மேல்தான் உயிர் பெறும். அந்த ஓட்டத்தோடு போனால் ஒரு நாள் தாராளமாகப் போதும்.

சீலோம் நிலையத்தில் சுரங்க ரயிலின் நீலத் தடத்தில் ஏறினால் ஐந்தாவது நிலையம் சனாம் சாய். தாமரைத் தலையுடைய தூண்களோடு அரசவை மண்டபம்போல அமைத்திருக்கிறார்கள்; மின்தூக்கியும் உண்டு. வெளியே வந்தால் ஒருபுறம் பாக் குளோங் தலாட் எனப்படும் பூச்சந்தை, மறுபுறம் வாட் போ, இரண்டுமே நடக்கும் தூரம். முதல் ரயிலைப் பிடித்துப் பூச்சந்தைக்குப் போங்கள். எட்டு மணிக்கு வாட் போ. பிறகு தா தியன் படித்துறையில் 5 பாட் கொடுத்துப் படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண். பதினொன்றரைக்குள் முடித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பித் தூங்குங்கள். மாலை நான்கு மணிக்குச் சாம் யோட் நிலையத்தில் இறங்கி வாட் சுதாட், ராட்சத ஊஞ்சல். அங்கிருந்து அடுத்த நிலையமான வாட் மங்கோனில் இறங்கினால் யாவ்ராட். எல்லாம் ஒரே ரயில் தடம்.

தேரடி (ஞாயிறு, காலை 7:20)

சீலோம்வாசி அரண்மனையை ஓசையில்லாமல் நீக்கிவிட்டார். நான் இதை ஏற்க மாட்டேன். பாங்காக் வரை போய் மரகத புத்தர் கோயிலான வாட் பிரா கியோவைப் பார்க்காமல் வருவது முறையா? மரகத புத்தர் 66 சென்டிமீட்டர் உயரமே உடைய பச்சைக்கல் சிலை. ஆண்டுக்கு மூன்று பருவங்களிலும் அரசரே வந்து அதன் பொன்னாடையை மாற்றும் மரபு இன்றும் உண்டு. சுற்றுமண்டபத்தில் 178 பகுதிகளாக ராமகியன் என்னும் தாய் ராமாயணச் சுவரோவியம் ஓடுகிறது. ராமாயணம் அறிந்த ஓர் அம்மாவுக்கு அதைக் காட்டாமல் பூச்சந்தையில் ஒரு மணி நேரம் நிற்க வைப்பதா?

அங்கே அனுமன் வெண்ணிறத்தவன், பிரம்மசாரியும் அல்லன். சேது கட்டும்போது கற்களைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் மச்சகன்னி சுவண்ணமச்சா, தோட்சகன் என்று அவர்கள் அழைக்கும் ராவணனின் மகள். அனுமன் அவளைக் காதலிக்கிறான். என் தந்தையார் இதைக் கேட்டு அரை மணி நேரம் என்னோடு வாதாடினார். அதற்காகவே போகலாம்.

சீலோம்வாசி (ஞாயிறு, காலை 8:15)

தேரடி ஐயா, ஓவியத்தைப் பற்றி நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரண்மனைக்கு நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 பாட். மாலை மூன்றரையோடு சீட்டு நிறுத்திவிடுவார்கள். நிழல் குறைவான முற்றங்களில் கூட்டத்தோடு நகர வேண்டும். அது ஒரு தனிக் காலைப்பொழுதைக் கேட்கிற இடம். வாட் போவோடும் ஆற்றோடும் சேர்த்தால் மூன்றையும் அரைகுறையாகப் பார்த்தவர்களாக ஆவீர்கள்.

ராமாயணம்தான் நோக்கம் என்றால் வாட் போவின் மூல மண்டபத்தைச் சுற்றியுள்ள அடித்தளச் சுவரில் 152 பளிங்குப் பலகைகளில் ராமகியன் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. இடுப்பளவு உயரத்தில் இருப்பதால் அம்மா கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. பெரும்பாலானோர் படுத்த நிலையிலுள்ள புத்தரைப் பார்த்தவுடன் வெளியேறிவிடுவதால் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காது.

மிளகுரசம் (ஞாயிறு, காலை 10:30)

சைவச் சாப்பாட்டைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே என்று காத்திருந்தேன். நானும் முட்டை சேர்க்காதவள்; மூன்று முறை தாய்லாந்து சென்று பட்டினி கிடக்காமல் திரும்பியவள்.

அங்கே சைவம் என்பதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ‘மங்சவிரட்’ என்பது மாமிசத்தைத் தவிர்ப்பது; நம் காதுக்குப் பழகிய சமஸ்கிருதச் சொற்கள்தாம். ஆனால் அதில் முட்டை வரக்கூடும், சில கடைகளில் மீன் சாறும் வந்துவிடும். ‘ஜே’ என்பதுதான் நமக்கு ஏற்றது. சீன மகாயான மரபிலிருந்து வந்த நோன்பு உணவு. இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் எழுதியிருப்பார்கள். தாய் எழுத்து தெரியாதவர் கண்ணுக்கு அது ‘17’ என்ற எண்ணைப் போலத் தோன்றும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் நோன்பு விழா வரும்போது யாவ்ராட் முழுவதும் மஞ்சள் கொடியாக இருக்கும். ஜனவரியில் அவ்வளவு இராது, தேட வேண்டும்.

சாதாரணக் கடைகளில் பெரிய எதிரி மீன் சாறு. உப்புக்குப் பதிலாகவே அதைத்தான் ஊற்றுகிறார்கள். ஆகவே ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொல்வது மட்டும் பயன் தராது. ‘மை சை நாம் ப்ளா’ என்றால் மீன் சாறு போடாதீர்கள், ‘மை சை கை’ என்றால் முட்டை போடாதீர்கள். தாய் மொழியில் தொனி மாறினால் பொருளே மாறிவிடும் என்பதால், ‘கின் ஜே’ என்பதைத் தாய் எழுத்தில் கைப்பேசியில் வைத்துக்கொண்டு காட்டுவது நலம். பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துச் செய்யும் சோம் தாம் சைவம்போலத் தோன்றும். அதில் உலர்ந்த இறாலும் மீன் சாறும் இருக்கும். ஏமாற வேண்டாம்.

கவலையின்றிச் சாப்பிடக்கூடியவை முட்டை சேராத இனிப்புகள். கனோம் கிரோக் என்பதை அம்மாவே அடையாளம் கண்டுகொள்வார்: நம் குழிப்பணியாரச் சட்டியேதான், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி, இரண்டு பாதிகளை ஒன்றோடொன்று கவிழ்த்துத் தருவார்கள். சிலர் மேலே வெங்காயத்தாள் தூவுவார்கள். மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசியும் ஆண்டு முழுவதும் கிடைக்கும். மாம்பழத்தின் உண்மையான பருவம் ஏப்ரல், மே என்பதால் ஜனவரியில் அதற்காக ஏங்க வேண்டியதில்லை.

குடமுருட்டி (ஞாயிறு, மதியம் 1:10)

எல்லோருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிவிட்டேன், அரண்மனையையும் விட்டுவிட்டேன். தேரடி ஐயா வருந்த வேண்டாம்.

மிளகுரசம் அக்கா, அம்மாவின் சிக்கல் மீன் சாற்றோடு நிற்காது. பக்கத்தில் பன்றி இறைச்சி வறுத்த அதே வாணலியில் நூடுல்ஸ் கிளறினால் அவர் தொடமாட்டார். அவர் எதைச் சாப்பிடுவார் என்பதைவிட, நான் சாப்பிடுவதை அவர் அருகில் நின்று எப்படிச் சகித்துக்கொள்வார் என்பதே என் கவலை.

மற்றொரு கேள்வி. ராட்சத ஊஞ்சலுக்கும் நம் திருவெம்பாவைக்கும் தொடர்பு உண்டு என்று கேள்விப்பட்டேன். அம்மாவிடம் சொன்னதும் அவருக்கு வாட் அருணைவிட அதன்மேல்தான் ஆவல் வந்துவிட்டது. அது மெய்யா, செவிவழிக் கதையா?

கல்வெட்டுப்பித்தன் (ஞாயிறு, மாலை 6:45)

மெய்தான், ஆனால் எந்த அளவுக்கு மெய் என்பதைக் கவனமாகச் சொல்ல வேண்டும்.

சாவோ சிங் சா எனப்படும் அந்த ஊஞ்சலை 1784இல் முதலாம் ராமா மன்னர் நிறுவினார். அதே ஆண்டில் அருகே தேவஸ்தானம் எனப்படும் பிராமணர் கோயிலும் எழுந்தது. சிவன், விநாயகர், திருமால் ஆகியோருக்கு மூன்று தனிக் கட்டடங்கள். அரசவைப் பிராமணர்கள் ஆண்டுதோறும் மார்கழி, தையை ஒட்டி நடத்தும் சடங்கின் பெயர் ‘திரியம்பவாய் திரிபவாய்’. இது திருவெம்பாவை, திருப்பாவை என்ற பெயர்களின் திரிபு என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சிவன் பூமிக்கு வருகை தரும் பத்து நாட்கள், பிறகு திருமால் வருகை தரும் நாட்கள் என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். அந்தச் சடங்கின் ஒரு பகுதியாகத்தான் இளைஞர்கள் குழுவாக ஊஞ்சலில் ஏறி உந்தி, எதிரே மூங்கில் கழியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வி எடுத்தார்கள். விழுந்து இறந்தவர்களும் உண்டு. ஊஞ்சலாட்டம் 1930களில் நின்றுபோனது. கோயிலுக்குள் நடக்கும் சடங்கு தொடர்கிறது. இப்போது நிற்கும் சிவந்த தூண்கள் 2007இல் பிரே மாகாணத்துத் தேக்கு மரங்கள் ஆறினால் புதிதாகச் செய்தவை. உயரம் 21 மீட்டருக்கு மேல். ஊஞ்சல் பலகை இல்லை, சட்டம் மட்டுமே இருக்கிறது. இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வடகரை வேலன் (ஞாயிறு, இரவு 8:00)

பார்த்தீர்களா! தாய்லாந்து மன்னர் அவையில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. சோழர் அங்கே ஆண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கல்வெட்டுப்பித்தன் (ஞாயிறு, இரவு 9:25)

வேலன் தம்பி, இந்த முடிவுக்குத்தான் நான் அஞ்சினேன். ஒரு பாடல் ஓரிடத்தில் பாடப்படுவதால் அந்த இடத்தை நாம் ஆண்டோம் என்று ஆகிவிடாது. அவர்கள் ஓதுவது கிரந்தத்திலிருந்து கிளைத்த எழுத்தில் எழுதிவைத்த ஏடுகளிலிருந்து, தலைமுறை தலைமுறையாக வாய்வழிப் பழகிய ஒலிப்பில். நமக்கு ஒரு சொல்லும் எளிதில் பிடிபடாது, அவர்களுக்கும் அது பொருள் தெரிந்து ஓதும் மொழி அன்று, மந்திரம். தங்கள் முன்னோர் ராமேசுவரத்திலிருந்து வந்ததாக அங்குள்ள பிராமணக் குடும்பங்களிடையே மரபுக்கதை உண்டு. நக்கோன் சி தம்மராட், பத்தலுங் முதலிய தென்பகுதி ஊர்கள் வழியாகவே அவர்கள் தலைநகருக்கு வந்தனர். தென்பகுதியில் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ‘அவனிநாரணம்’ என்ற குளத்தையும் அதைப் பாதுகாத்த மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகிறது. மணிக்கிராமத்தார் வணிகக் குழுவினர். அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். வணிகர் போனார்கள், குளம் வெட்டினார்கள், பூசை செய்பவர்கள் உடன் போனார்கள். என்னைக் கேட்டால் படையெடுப்பைவிட இதுதான் வியப்புக்குரியது. படை திரும்பிவிடும், பாட்டு அங்கேயே தங்கி, பொருளை இழந்த பிறகும் பெயரை இழக்காமல் இருக்கிறது.

கொக்குவில் (ஞாயிறு, இரவு 10:50)

வாட் சுதாட்டுக்குப் போகிறவர்கள் பத்து நிமிடம் நடந்து வாட் ராட்சநட்டா கோயிலின் லோஹ பிராசாதம் என்னும் உலோக மாளிகையையும் பார்த்து வருவது நல்லது. அடுக்கடுக்காக 37 கூர்முடிகள், ஞானத்துக்குத் துணைசெய்யும் 37 தர்மங்களைக் குறிப்பவை. இதற்கு முன்னோடி எங்கள் நாட்டில் அநுராதபுரத்தில் இருந்த லோவமகாபாயா. அங்கே இன்று கல்தூண்கள் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. அந்தத் தூண்களைப் பல முறை பார்த்தவன் என்பதால், பாங்காக்கில் அந்த முடிகளை முழுமையாகக் கண்டபோது சிறிது நேரம் பேச்சு வரவில்லை. உள்ளே ஏறுவதற்குச் சுழல்படி. அம்மா வெளியிலிருந்தே பார்க்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல். தாய் இனிப்புகளில் பச்சை நிறமும் மணமும் எதனால் என்று இந்தியத் தமிழர்கள் கேட்பதுண்டு. அது ரம்பை இலை. எங்கள் வீட்டு இறைச்சிக் கறியில் போடுவதை அவர்கள் இனிப்பில் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

நடைவழி (திங்கள், காலை 6:30)

ஓர் எச்சரிக்கை. அரண்மனை மதில் அருகே நல்ல உடையில் ஒருவர் வந்து, ‘இன்று கோயில் மூடியிருக்கிறது, சடங்கு நடக்கிறது, நான் வேறு இடம் காட்டுகிறேன், டுக்டுக்குக்கு 20 பாட் போதும்’ என்று அன்பாகச் சொல்வார். அந்த வண்டி கடைசியில் நகைக் கடையிலோ தையல் கடையிலோ நிற்கும். கோயில் திறந்திருக்கிறதா என்பதை வாசலில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். அம்மா சேலையில் வந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்; அரைக்கால்சட்டையில் வரும் மகனைத்தான் நிறுத்துவார்கள். பெண்கள் பிக்குகளைத் தொடவோ கையில் நேரடியாகப் பொருள் கொடுக்கவோ கூடாது. சிலைக்கு முன்னால் உட்காரும்போது காலைப் பின்பக்கம் மடக்கிக்கொள்ள வேண்டும்.

குடமுருட்டி (நான்கு வாரங்களுக்குப் பின், வெள்ளி, இரவு 10:15)

திரும்பி வந்துவிட்டோம். நடந்ததைச் சொல்வது கடன்.

சனாம் சாயில் இறங்கியபோது மணி ஆறரை. பூச்சந்தை என்றால் மதுரையிலோ கோயம்பேட்டிலோ காண்பதைப்போல ஒரு பெரிய கொட்டகை என்று நினைத்திருந்தேன். சாக்கிரபெட் சாலையின் நடைபாதையும் இருபுற மண்டபங்களும் சேர்ந்ததே சந்தை. பனிக்கட்டித் தூளில் புதைத்த ஆர்க்கிட் கட்டுகள், இதழ்களை உள்நோக்கி மடித்துவிட்ட தாமரை மொட்டுகள், மூட்டை மூட்டையாகத் துலுக்கச் சாமந்தி. அம்மா ஒவ்வொரு கடையிலும் நின்றார். மாலைகளை அவர்கள் நாரில் தொடுப்பதில்லை. ஒரு முழ நீள ஊசியில் மல்லிகை மொட்டுகளைக் குத்திக் கோத்து, அப்படியே நூலுக்கு இறக்குகிறார்கள். ‘பூவைக் குத்துகிறார்களே’ என்று அம்மாவுக்கு முதலில் வருத்தம். பிறகு அந்தப் பெண்களின் கைவேகத்தைப் பார்த்து வருத்தம் மறைந்துவிட்டது. பூவின் பெயரைக் கேட்டேன்; ‘மலி’ என்றார் கடைக்காரப் பெண். நம் மல்லிதான், குண்டுமல்லி இனமே. நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவை இல்லாமல் போன ஒரே இடம் அதுதான்.

வாட் போவுக்கு எட்டு மணிக்குச் சரியாக நுழைந்தோம். கட்டணம் 300 பாட். புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம் என்று படித்துவிட்டுப் போனாலும் தூண்களுக்கு இடையே துண்டு துண்டாகத்தான் அவரைப் பார்க்க முடிகிறது: முதலில் முகம், பிறகு முழங்கை, கடைசியில் சிப்பி பதித்த உள்ளங்கால்களில் 108 மங்கலச் சின்னங்கள். முதுகுப்புறமாக 108 வெண்கலக் கலயங்களில் ஒவ்வொன்றாகச் சில்லறை போட்டுக்கொண்டே வர வேண்டும். அந்த ஓசை மண்டபம் முழுவதும் இடையறாமல் கேட்கிறது. அம்மா எண்ணிக்கொண்டே போட்டார். கடைசிக் கலயத்துக்குக் காசு தீர்ந்துவிட்டது. பின்னால் வந்த முதியவர் ஒருவர் தம் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

பளிங்குப் பலகைகளை சீலோம்வாசி அண்ணா சொன்னதால் பார்த்தோம். உண்மையில் ஆளே இல்லை. அம்மா ராமரையும் அனுமனையும் தேடிக் கண்டுபிடித்தார். பாதிக்கு மேல் எந்தக் காட்சி என்று இருவருக்கும் விளங்கவில்லை. சுவண்ணமச்சா கதையைச் சொன்னேன். ‘அது வேறு அனுமார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தேரடி ஐயாவின் தந்தையார் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டதை என் அம்மா அரை நிமிடத்தில் தீர்த்தார்.

யோகநிலையில் உடலை முறுக்கி நிற்கும் ‘ருசி’ சிலைகளை அவர் அதிக நேரம் பார்த்தார். ருசி என்பது ரிஷிதான். உடல் நோவுக்கு ஏற்ற நிலைகளைச் சிலையாகவும், மருத்துவக் குறிப்புகளையும் உடம்பில் பிடித்துவிட வேண்டிய நரம்புகளையும் கல்லில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். யாரும் வந்து படித்துக்கொள்ளலாம் என்பதற்காக மூன்றாம் ராமா செய்த ஏற்பாடு. முழங்காலுக்கு எந்தச் சிலை என்று அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதே வளாகத்தில் உடம்பைப் பிடித்துவிடும் மண்டபம் இருந்ததால் அரை மணி நேரம் அங்கே உட்கார வைத்தேன். ‘கொஞ்சம் தேவலை’ என்றார்.

வாட் அருணில் நாங்கள் ஏறவில்லை. செங்குத்தான படிகள், கீழிருந்தே பார்த்தோம். எட்டத்திலிருந்து வெண்சாம்பல் நிறமாகத் தெரிவது, அருகில் போனால் உடைந்த பீங்கான் தட்டுகளையும் கிண்ணங்களையும் பூப்பூவாகப் பதித்தது என்று தெரிகிறது. மேலே முத்தலைச்சூலமும், மாடங்களில் ஐராவதத்தின்மேல் இந்திரனும் இருப்பதால் அம்மா அதைப் புத்தர் கோயில் என்று ஏற்க மறுத்துவிட்டார். கோயிலுக்குப் பெயர் தந்தவனும் சூரியனின் தேரோட்டி அருணன்தான் என்றேன். ‘நான் சொன்னேனே’ என்றார்.

சைவச் சோதனை நண்பகலில் வந்தது. ஆற்றங்கரை ஓரமாக ஒரு கடையில் சோம் தாம் ஆசைப்பட்டு, கைப்பேசியைக் காட்டி, மீன் சாறு இல்லாமல் என்று இரண்டு முறை சொன்னேன். கடைக்காரம்மா தலையசைத்துவிட்டு, மீன் சாற்றைத் தவிர்த்து, பழக்கத்தில் உலர்ந்த இறாலை ஒரு பிடி போட்டு இடித்துவிட்டார். குற்றம் என்னுடையது; மிளகுரசம் அக்கா எழுதியிருந்ததை மறந்தேன். அதை நானே சாப்பிட்டேன். அம்மாவுக்கு இளநீர்.

மாலையில் வாட் சுதாட். அன்று பார்த்தவற்றுள் எனக்குப் பிடித்தது இதுவே. வழிகாட்டி நூல்கள் ஏன் இதைப் பின்னுக்குத் தள்ளுகின்றன என்று புரியவில்லை. சுகோதாயிலிருந்து கொண்டுவரப்பட்ட பிரா ஸ்ரீ சாக்கியமுனி என்னும் எட்டு மீட்டர் உயர வெண்கலப் புத்தர். சுவரும் தூண்களும் கூரை வரை ஓவியம். சாய்வெயில் உயரமான கதவுகள் வழியே தரையில் விழுந்து கிடக்க, ஏழெட்டுப் பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தூணில் சாய்ந்து அரை மணி நேரம் பேசாமல் இருந்தார். ஊஞ்சல் சட்டத்தை எதிரே சாலை நடுவில் பார்த்தோம். தேவஸ்தானத்தில் அன்று மூன்று கட்டடங்களும் மூடியிருந்தன. வெளியே நின்றே அம்மா மெல்லிய குரலில் திருவெம்பாவையின் முதல் பாட்டைப் பாடினார். பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தை நிறுத்திக் கேட்டுவிட்டு மீண்டும் பெருக்கத் தொடங்கினார். கல்வெட்டுப்பித்தன் ஐயா, அவருக்கு அது எதையும் நினைவூட்டியதா என்று என்னால் சொல்ல முடியாது.

பம்ருங் முவாங் சாலையில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பொன்முலாம் புத்தர்கள், மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றிய நிலையில் நடைபாதையில் வரிசையாக நிற்கிறார்கள். சிலையை ‘வாங்கினேன்’ என்று சொல்வது மரியாதைக் குறைவு. ‘வாடகைக்கு எடுத்தேன்’ என்றே சொல்ல வேண்டுமாம். பிக்குகளுக்குத் தானம் செய்ய, சோப்பு, பற்பசை, காவித்துணி எல்லாம் அடங்கிய மஞ்சள் வாளிகளும் அங்கேயே கிடைக்கின்றன.

யாவ்ராட்டில் நாங்கள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. நகைக் கடைகளின் சிவப்புப் பலகைகளைப் பார்த்ததுமே அம்மாவுக்குக் களைப்பு போய்விட்டது. நம் ஊரில் சவரன்போல அங்கே தங்கத்துக்கு ‘பாட்’ என்பதே எடை, ஏறத்தாழ 15.2 கிராம், தரம் 96.5 சதவீதம் என்று தெரிந்ததும் நம் நகைக் கடைக்காரர்களைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத இயலாது. நான் குவாய் ஜாப் என்னும் மிளகுச் சாற்றில் சுருள் அரிசி நூடுல்ஸும் மொறுமொறுப்பான பன்றி இறைச்சியும் சாப்பிட்டேன். அம்மா சாலையின் மறுபுறம் நின்று, கருமணலில் வறுத்த செஸ்நட் கொட்டைகளை உரித்துக்கொண்டிருந்தார். இதுவே எங்கள் உடன்படிக்கை. பிறகு ஆரஞ்சுச் சாறு. கடைசியில் ‘புவாலோய் நாம் கிங்’: கருப்பு எள்ளுப் பூரணம் வைத்த அரிசி உருண்டைகள், கொதிக்கும் இஞ்சிச் சாற்றில் மிதக்கின்றன. அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்து, ‘கொழுக்கட்டையைக் கஷாயத்தில் போட்டுவிட்டார்கள்’ என்றார். இரண்டாவது கிண்ணமும் கேட்டார்.

மிளகுரசம் (வெள்ளி, இரவு 11:00)

புவாலோயை நான் எழுத மறந்துவிட்டேன், அதுதான் எனக்கும் மிகப் பிடித்தது. இறாலுக்காக வருந்த வேண்டாம்; என் முதல் பயணத்தில் அதையே நான் பாதி சாப்பிட்ட பிறகுதான் கண்டுபிடித்தேன்.

சீலோம்வாசி (சனி, காலை 7:50)

நல்ல நாள். இரண்டு குறிப்புகள். திங்களன்று ஓய்வாக இருந்தீர்களே, சீலோமில் பான் சாலை முனையிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனீர்களா? 1879 அளவில் தமிழர்கள் எழுப்பியது; தாய் மக்கள் ‘வாட் கேக்’ என்பார்கள். இன்று அங்கே மாலை ஏந்தி நிற்பவர்களில் நம்மவர்களைவிடத் தாய் மக்களே மிகுதி.

மற்றது பூவைப் பற்றியது. தாய் மாலைகள் சாமிக்கும் பெரியவர்களுக்கும் வண்டிக் கண்ணாடிக்கும் உரியவை. தலையில் சூடுவதற்கு அல்ல. அம்மா வாங்கிச் சூடிக்கொண்டிருந்தால் சந்தையில் சிலர் திகைத்திருப்பார்கள். அங்கே மல்லிகை அன்னையர் தினத்தின் பூ. ஆகஸ்டு 12 அன்று பிள்ளைகள் தாயின் காலில் வைத்து வணங்குவார்கள்.

குடமுருட்டி (சனி, காலை 9:30)

மாரியம்மன் கோயிலுக்குத் திங்கள் மாலை போனோம், அண்ணா. எங்களுக்கு முன்னால் நின்ற தாய் இளம்பெண் வேப்பிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட விதத்தைப் பார்த்து, அம்மா அவளிடம் தமிழிலேயே பேசத் தொடங்கிவிட்டார்.

மாலையை அவர் சூடவில்லை. பூச்சந்தையில் கோக்காத மொட்டுகளை ஓர் ஆழாக்கு அளவு வாங்கினார். கடைக்காரப் பெண் ஊசியை எடுத்து நீட்டினார். அம்மா வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, வெற்றிலைக் கட்டிலிருந்து அவிழ்த்துக் கீழே போட்டிருந்த வாழை நாரை எடுத்து, நகத்தால் கிழித்து, தண்ணீரில் நனைத்து, கடைப்படியிலேயே உட்கார்ந்து தொடுக்க ஆரம்பித்தார். இரண்டு முழம் முடிவதற்குள் பக்கத்துக் கடைகளிலிருந்து நான்கு பெண்கள் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர் நாரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ‘இன்னொரு தடவை’ என்பதுபோல விரலைக் காட்டினார். அதனால்தான் வாட் போவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டியதாயிற்று.